மேப்பிள் பாகு காய்ச்சும் சாமான்கள்: ஐந்து பருவம் புழங்கிய பிறகு

ரொறன்ரோப் பக்கம் வீட்டு வளவில் மேப்பிள் மரத்தில் துளையிட்டுச் சாறு இறக்கிப் பாகு காய்ச்சப் புறப்படுபவர்கள் குழாய்க்கும் வாளிக்கும் காசைக் கொட்டிவிட்டு, அடுப்புக்கு வரும்போது கையைப் பிசைகிறார்கள். மரத்தில் அடிக்கும் சாமான் மலிவாக இருந்தாலும் பரவாயில்லை. காய்ச்சும் தட்டமும், பாகில் மிதக்கவிட்டுப் பதம் பார்க்கும் அடர்த்திமானியும்தான் நல்லதாக இருக்கவேண்டும்.

சுகர் மேப்பிள் என்ற மரவகையின் சாற்றில் சர்க்கரை ஏறக்குறைய 2 சதவீதம். பாகு காய்ச்சுபவர்களின் கணக்குப்படி 86-ஐ அந்தச் சதவீதத்தால் வகுத்தால் ஒரு லீற்றர் பாகுக்கு எத்தனை லீற்றர் சாறு வேண்டும் என்பது வரும்: 43. மிச்சம் 42 லீற்றரும் ஆவியாகவேண்டும். குசினிக்குள் வைத்துக் காய்ச்சினால் சுவரெல்லாம் வியர்க்கும். வெளியே அடுப்பு மூட்டுங்கள்.

மரத்தில் அடிக்கும் குழாயில் 5/16 அங்குலமே போதும். பழைய 7/16 அளவு மரத்துக்குப் பெரிய காயம், சாறு அதற்கேற்பக் கூடுவதில்லை. நெஞ்சுயரத்தில் 12 அங்குல விட்டமாவது உள்ள மரத்துக்கு ஒரு குழாய். 4 செ.மீ. ஆழம், துளை உள்நோக்கிச் சற்றே மேல்சாய்வாக. துருவல் வெளிர் நிறமாக வந்தால் உயிருள்ள கட்டை. கபிலமாக வந்தால் வேறு இடம் பாருங்கள். சுத்தியலால் தட்டும்போது ஓசை கனத்ததும் நிறுத்திவிடவேண்டும். இன்னும் ஒரு அடி அடித்தால் மரம் பிளந்து, சாறு பட்டையோரமாக வழியும். பிளாஸ்டிக் குழாய்கள் கடுங்குளிரில் அடிக்கும்போது வெடிக்கின்றன. எவர்சில்வர் குழாயைக் கொதிநீரில் போட்டெடுத்து ஆண்டுக்கணக்கில் பாவிக்கலாம். றப்பர்க் குழாய் இழுத்துத் தரையிலுள்ள வாளிக்கு விட்டால் அணில் கடிக்கும். வாளிக்கு மூடி கட்டாயம். ஈயப் பற்று வைத்த பழைய தகர வாளி வேண்டாம்.

இரவில் உறைநிலைக்குக் கீழே, பகலில் மேலே என்று மாறிமாறி வரும் நாட்களில்தான் சாறு ஓடும். தெற்கு ஒன்ராறியோவில் பெப்ரவரிக் கடைசியிலிருந்து சில வாரங்கள். இறக்கிய சாறு பால் மாதிரிச் சீக்கிரம் கெட்டுப்போகும். 4 டிகிரிக்குக் கீழே வைத்து சில நாளுக்குள் காய்ச்சிவிடுங்கள். வாளியில் மிதக்கும் பனிக்கட்டியை எடுத்து வீசலாம், அதில் பெரும்பாலும் வெறும் தண்ணீர்தான். விறகு மிச்சம்.

ஆழமான அண்டா மகா தோல்வி. ஆவி மேற்பரப்பிலிருந்துதான் போகிறது. விருந்துச் சாப்பாடு பரிமாறும் அகன்ற எவர்சில்வர் தட்டம் அதே நெருப்பில் வெகு சீக்கிரம் வற்றவைக்கும். தட்டத்தில் சாறு 4 செ.மீ.க்குக் குறைய விடாதீர்கள். அடிப்பிடித்த வாசம் பிறகு எதற்கும் போகாது. குளிர்ந்த சாற்றை ஊற்றினால் கொதி அடங்கிவிடும். பக்கத்தில் ஒரு பானையில் சூடாக்கி, மெல்லிய தாரையாக விடுங்கள். நுரை பொங்கினால் பட்டாணியளவு வெண்ணெய்.

கடைசி நாலு டிகிரியில்தான் பாகு கெடுகிறது. அன்றைய தினம் தண்ணீர் எந்த வெப்பத்தில் கொதிக்கிறது என்று முதலில் பாருங்கள், காற்றழுத்தத்தோடு அது மாறும். அதற்கு மேல் 4 டிகிரி வந்தால் பாகு. கம்பிப் பதம் பார்த்துப் பழகிய கை இங்கே ஏமாறும். கம்பி விழும்வரை விட்டால் பதம் தாண்டி, போத்தலடியில் கற்கண்டு கட்டும். அகப்பையைச் சரித்தால் துளிகள் தனித்தனியாகச் சொட்டாமல் ஒன்றுகூடித் திரைபோல் தொங்கவேண்டும். அதுவும் அடையாளம் மட்டுமே. தீர்ப்பு அடர்த்திமானியுடையது. சூடான பாகை அளவுக்கிண்ணத்தில் ஊற்றியதும் மானியின் சிவப்புக் கோட்டைப் பாருங்கள், அது பாகின் மட்டத்தில் நின்றால் பதம். கொஞ்சம் ஆறினாலும் மானி உயர மிதந்து, பதமாகாத பாகைப் பதம் என்று காட்டும். அந்தப் போத்தலில் பூஞ்சணம் பிடிக்கும். மானியில் சர்க்கரை மண்டி (காய்ச்சும்போது பாகில் திரளும் மணல்போன்ற தாதுப்படிவு) ஒட்டியிருந்தால் இதற்கு நேர்மாறு: கனத்தில் தாழும், நீங்கள் மேலும் காய்ச்சிக்கொண்டே இருப்பீர்கள். வினாகிரியில் ஊறவைத்துக் கழுவுங்கள்.

சூட்டோடு கம்பளி வடிகட்டியில், உள்ளே காகித வடிகட்டி போட்டு வடியுங்கள். பிழியக்கூடாது, மண்டி ஊடாக வந்துவிடும். சவர்க்காரம் கம்பளியில் தங்கும், வெந்நீர் போதும். 85 டிகிரியளவில் போத்தலில் நிரப்பி, மூடி, சரித்து வையுங்கள். மறுபடி கொதிக்கவிட்டால் புது மண்டி இறங்கும்.

மொட்டுகள் பருத்ததும் பாகில் ஒரு கெட்ட வாடை ஏறும். அன்றே குழாயைப் பிடுங்கிவிடுங்கள். ஓட்டையை அடைக்கவேண்டாம், மரமே மூடிக்கொள்ளும். அடுத்த ஆண்டுத் துளை பழையதிலிருந்து பக்கவாட்டில் 15 செ.மீ., மேலோ கீழோ 30 செ.மீ. தள்ளி.