சென்னை–சிங்கப்பூர்: நாலு மணி நேரம் என்பது யார் கணக்கு?

சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் நேர்வழியில் சுமார் 2,900 கிலோமீட்டர். டிக்கெட்டில் நாலிலிருந்து நாலரை மணி நேரம் என்று போட்டிருக்கும். வேலை அங்கே, வீடு தாம்பரத்தில் என்று வருஷக்கணக்கில் போய்வருகிறவன் நான். என் அனுபவத்தில் தூரம் பெரிய விஷயமே இல்லை. எந்த நேரத்து விமானம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

முதலில் ஒன்று. டிக்கெட் நேரத்தில் ஓடுபாதைக்கு உருண்டு போவதும், அங்கே வரிசையில் நிற்பதும் அடக்கம். வானத்தில் இருப்பது பெரும்பாலும் நாலு மணிக்குக் கொஞ்சம் குறைவுதான்.

சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. இரவு பதினொன்றரைக்குக் கிளம்பினால் இறங்கும்போது அங்கே காலை ஆறரை. முழு ராத்திரி தூங்கலாம் போலத் தோன்றும். ஆனால் கையில் இருப்பது நாலரை மணிதான். தள்ளுவண்டி வந்து, சாப்பாடு கொடுத்து, தட்டை வாங்கிப் போவதற்குள் ஒன்றரை மணி ஓடிவிடும். இறங்க அரை மணி இருக்கும்போதே விளக்கைப் போட்டு, இருக்கையை நிமிர்த்தச் சொல்லி எழுப்புவார்கள். மிஞ்சுவது இரண்டு, இரண்டரை மணித் தூக்கம். ‘இறங்கி நேரே ஆபீஸ் போய்விடலாம்’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நான் இப்போதெல்லாம் ஏறியதுமே சாப்பாடு வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறேன்.

பகல் விமானம் கிடைத்தால் ஜன்னலோரம் கேளுங்கள். முதல் பாதி முழுக்க வங்காள விரிகுடா, பார்க்க ஒன்றுமில்லை. பாதி தாண்டியதும் முன்னிருக்கைத் திரையில் கிரேட் நிக்கோபார் தெரியும், அப்புறம் சுமத்ராவின் வடமுனையில் பண்டா ஆச்சே, பிறகு மலாக்கா நீரிணை. மேகம் இல்லாவிட்டால் கீழே கப்பல்கள் புள்ளி புள்ளியாகத் தெரியும். (1973 வரை ‘ரஜூலா’ கப்பலில் நாள்கணக்கில் போன தலைமுறை ஒன்று இருந்தது. அவர்களிடம் இந்த நாலு மணி நேரத்தைப் பற்றிப் புலம்ப முடியாது.) அக்டோபர் முதல் டிசம்பர் வரை விரிகுடாவின் மேல் குலுக்கல் கொஞ்சம் அதிகம். பெல்ட்டைக் கழற்றாமல் இருப்பது நல்லது.

திரும்பும் வழி சுகம். இரவு எட்டரைக்கு அங்கே ஏறினால் பத்து மணிவாக்கில் சென்னை, கடிகாரம் நம் பக்கம். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்னிந்தியாவுக்கு மேலே உயரத்தில் கிழக்கிலிருந்து பலமான காற்று வீசும், அதுவும் பின்னாலிருந்து தள்ளிவிடும். ஆனால் மேற்குப் பக்கத்திலிருந்து தரையிறங்கச் சொன்னால், மெரினாவின் விளக்குகளைப் பார்த்த பிறகும் நகரத்தைத் தாண்டிப் போய்த் திரும்பி வரவேண்டும். மிச்சம் பிடித்த நேரத்தில் கொஞ்சம் அங்கே போய்விடும்.

தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர்கள் சென்னைக்கு வரவே வேண்டாம். திருச்சியிலிருந்தே சிங்கப்பூருக்கு நேரடி விமானம் உண்டு, தூரமும் ஏறக்குறைய இதேதான். கட்டணம் கொஞ்சம் கூடினாலும், சென்னைக்கு பஸ்ஸில் வரும் நேரத்தில் திருச்சியிலிருந்து சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்துக்கே போய் இறங்கிவிடலாம்.