நுவரெலியாப் பக்கம் புல் வெட்டும் ட்ராக்டர் வைத்திருப்பவர்களுக்கு

எங்கள் புல் மெசினுக்கு, “கொழும்பிலிருந்து புதுசா எடுப்பிச்ச ஸ்பிண்டில்” (புல் வெட்டும் பிலேட்டைத் தாங்கிச் சுழற்றும் தண்டும் அதன் கூடும்) என்று சொல்லி ஒரு கராஜில் 38,000 ரூபா வாங்கினார்கள். மூன்றாவது வாரம் கழற்றிப் பார்த்தால், பளபளக்கும் கறுப்பு பெயின்ட்டுக்கு அடியில் ஒரு காய்ந்த புல் தண்டு ஒட்டிக்கிடக்கிறது. எங்கள் புல்தான். ஸ்பிண்டிலும் எங்களுடையதுதான்.

நானுஓயாவுக்கு மேலே ஒரு விடுமுறை பங்களாவை நான் பார்த்துக்கொள்கிறேன். முதலாளி இருப்பது கொழும்பில். முக்கால் ஏக்கர் புல்தரைக்கு உட்கார்ந்து ஓட்டும் புல் மெசின் ஒன்று இருக்கிறது: 42 அங்குல டெக் (பிலேட்களை மூடியிருக்கும் அடித்தட்டு), இரண்டு பிலேட், ப்ரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் 17.5 குதிரைவலு எஞ்சின். எஞ்சினில் அடித்திருக்கும் கோட் இலக்கம் 03 என்று தொடங்குகிறது, அதாவது 2003இல் செய்தது. கிழவன்தான், ஆனால் மழையிலும் மூடுபனியிலும் ஒரு நாள்கூடக் காலை வாரியதில்லை.

மார்ச் நடுவில் டெக்கின் இடப்பக்கம் கிறீச்சிட ஆரம்பித்தது. பெயரிங் போய்விட்டது என்று எனக்கே தெரிந்தது. ஏப்ரல் சீசனுக்கு மூன்று வாரம், அறைகள் எல்லாம் புக்கிங். வழக்கமாகப் பார்க்கும் மாமா (தேயிலை பெக்டரியில் முப்பது வருடம் பிட்டராக இருந்து ஓய்வுபெற்றவர்) மகளின் பிரசவத்துக்காக அட்டனில். அந்த அவசரத்தில் லொறியில் ஏற்றி ஒரு கராஜில் கொண்டுபோய் விட்டேன். எந்தக் கராஜ் என்று கேட்காதீர்கள், போட்டால் வேறு வம்பு.

அந்தக் கராஜ் பாஸ் (மெக்கானிக்) பேச்சில் ஒரு குறையும் சொல்ல முடியாது. தேநீர் எல்லாம் கொடுத்தார். “தம்பி, ஸ்பிண்டில் மட்டுமில்ல, பெல்ட்டும் போச்சு, கார்புரேட்டரும் தேஞ்சிருச்சு. ஒரேயடியா மாத்திட்டா பத்து வருஷத்துக்குக் கவலையில்ல” என்றார். ஸ்பிண்டில் 38,000, பெல்ட் 9,500, கார்புரேட்டர் 27,000, கூலி 18,000. மொத்தம் 92,500. கையில் தந்தது கொப்பியிலிருந்து கிழித்த ஒரு துண்டு: “மெசின் வேலை 92,500”. கடைப் பெயர் இல்லை, முத்திரை இல்லை, திகதிகூட இல்லை. நானும் மடித்து பொக்கெட்டில் வைத்துக்கொண்டு வந்தேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

முதல் நாளே கறுப்புப் புகை. சரிவில் ஏறும்போது இழுவை இல்லை. முக்கால் மணி நேரம் ஓட்டியதும் ரப்பர் தீயும் வாடை. போன் எடுத்தேன். “அப்போ பிஸ்டன் ரிங் போயிருக்கு தம்பி, எஞ்சினைப் பிரிக்கணும். ஒரு 85,000 வரும்.” நல்லவேளை முதலாளி அந்த மாதம் பணம் அனுப்பவில்லை. இல்லாவிட்டால் அதையும் கொடுத்திருப்பேன்.

சீசனை எப்படியோ அதே மெசினோடு முக்கி முனகி ஓட்டினோம். மாமா திரும்பி வந்ததும் டெக்கைக் கழற்றி வெயிலில் கவிழ்த்துப் போட்டோம். பிலேட் நட்டில் ஸ்பானரை வைத்தார், ஒரு முக்கல்கூட இல்லாமல் சுழன்று வந்துவிட்டது. நிமிடத்துக்கு 3,000 சுற்றை ஒட்டிச் சுழலும் பிலேட் அது. பக்கத்தில் விருந்தாளிகளின் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்த நாட்களை நினைத்து எனக்குக் கை நடுங்கியது.

ஸ்பிண்டிலுக்குள் இருந்தவை 6203 பெயரிங்தான். அளவு சரி, ஆனால் இரண்டு பக்கமும் தகரமூடி போட்டவை. ஈரப் புல் அப்பும் இடத்துக்கு ரப்பர் சீல் உள்ளது வேண்டும், அதாவது இலக்கத்துக்குப் பின்னால் 2ஆர்எஸ் என்று இருக்க வேண்டும். தகரமூடி தண்ணீரைத் தடுக்காது. மூன்றே வாரத்தில் உள்ளே துரு. ரப்பர் சீல் பெயரிங் இரண்டும் சேர்த்து எனக்கு ஆன செலவு 2,400 ரூபா. 38,000க்கும் 2,400க்கும் நடுவில் உள்ளதை நீங்களே கழித்துக்கொள்ளுங்கள்.

பெல்ட்டைக் கையில் எடுத்ததுமே மாமா சிரித்துவிட்டார். “இது பெக்டரியில மோட்டருக்குப் போடுற சாதாரண ஏ பெல்ட்டு தம்பி.” புல் மெசின் பெல்ட் கப்பிகளில் பின்பக்கமாகவும் வளைகிறது, பிலேட்டைப் போடும்போதும் எடுக்கும்போதும் வழுக்குகிறது. அதற்காகத்தான் உள்ளே கெவ்லர் நூல் வைத்துச் செய்கிறார்கள். சாதாரண பெல்ட் பார்வைக்கு அச்சாக அதேபோல இருக்கும், ஆனால் சூட்டில் தீய்ந்துபோகும். நீளத்திலும் ஏமாறலாம்: ஏ பெல்ட்டில் 93 என்று போட்டிருந்தால் அது உள் சுற்றளவு, வெளியே அளந்தால் ஏறக்குறைய 95 அங்குலம். பிறகு டெக்கில் ஒட்டியிருந்த இலக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பி, பஞ்சிகாவத்தையில் (கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் உள்ள இடம்) மச்சான் ஒருவர் மூலம் சரியானதை எடுத்தேன்.

கார்புரேட்டர் கதைதான் என்னால் இன்னும் ஜீரணிக்க முடியாதது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரம். இங்கே காற்றழுத்தம் கொழும்பை விட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கீழே சரியாக ஓடும் கார்புரேட்டர் இங்கே பெற்றோலை அதிகமாக ஊற்றும். அதனால்தான் பத்து வருடத்துக்கு முன்பே மாமா பழையதில் சின்ன மெயின் ஜெட் (பெற்றோல் போகும் துளை உள்ள திருகு) போட்டிருந்தார். கராஜில் அதை எடுத்துவிட்டு, கீழ்நாட்டு ஜெட்டோடு ஒரு மலிவுச் சாமானைப் போட்டிருக்கிறார்கள். ஸ்பார்க் பிளக் உலர்ந்த கரியாக இருந்தது. ரிங் போயிருந்தால் பிளக்கில் எண்ணெய் ஈரம் இருக்கும், புகையும் நீலமாக வரும். இந்த வித்தியாசம் அந்த பாஸுக்குத் தெரியாமல் இருந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். மாமா ஜெட்டில் ஈயம் வைத்து அடைத்து, நூல் போன்ற பிட்டால் மறுபடி துளைத்தார். இரண்டாவது தடவையில் புகை நின்றுவிட்டது.

புல் தண்டு ஒட்டிய ஸ்பிண்டில் ஹவுசிங்கைத் தூக்கிக்கொண்டு கராஜுக்குப் போனேன். “ஹவுசிங் பழசுதான், உள்ளதான் எல்லாம் புதுசு” என்றார். பழைய கார்புரேட்டர் எங்கே? “பழைய இரும்புக்காரன் கொண்டுபோயிட்டான்.” ஒரு மணி நேரம் நின்று சத்தம் போட்டதில் 15,000 திருப்பித் தந்தார், அவ்வளவுதான். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் போன் எடுத்தேன். அவர்கள் முதலில் கேட்டது பற்றுச்சீட்டு. என்னிடம் இருந்தது கொப்பித் துண்டு. கேட்டால் பற்றுச்சீட்டு கொடுத்தே ஆக வேண்டும் என்பது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்திலேயே இருக்கிறது. நான் கேட்கவில்லை.

ஆகவே மெசினைக் கொடுக்கும்போது எஞ்சினிலுள்ள மாடல், டைப், கோட் மூன்றையும், கழற்றப்போகும் சாமான்களையும் போட்டோ எடுத்து வையுங்கள். பழைய சாமானைத் திருப்பித் தர வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். தர மறுத்தால் மெசினை அப்போதே லொறியில் ஏற்றிவிடுங்கள்.

இன்னொன்று. எங்கள் பழைய கார்புரேட்டரின் பௌலுக்கு (பெற்றோல் தேங்கும் கிண்ணம்) அடியில் மாமா ஊசியால் “உ” என்று பிள்ளையார் சுழி கீறி வைத்திருந்தார். யாராவது உங்களிடம் ‘பாவித்தது, நல்ல கண்டிஷன்’ என்று ஒன்றைக் கொண்டுவந்தால், கவிழ்த்துப் பாருங்கள். இருந்தால் எனக்குச் சொல்லுங்கள், விலை கொடுத்தே வாங்கிக்கொள்கிறேன்.