சீஸ் சாண்ட்விச்: கடையிலா, கோப்பிக்கடையிலா, தோசைக்கல்லிலா?

தோட்டப் பட்டணத்துக் கடைவரிசையில் ஒரு சின்ன சீஸ் கடை திறந்துவிட்டால், சீஸ் வைத்த ரொட்டிக்கு மூன்று வழி ஆகிவிடும்: அந்தக் கடையின் சாண்ட்விச், கோப்பிக்கடை ரொட்டி பாக்கார் (சுட்ட ரொட்டி), வீட்டுத் தோசைக்கல். எது ருசி என்று கேட்டால் சண்டைதான் வரும். வாங்கி எத்தனை நிமிடத்தில் சாப்பிடப் போகிறீர்கள் என்று கேட்டால் பாதி விடை வந்துவிடும்.

சீஸ் கடையில் பெரும்பாலும் புளித்த மாவு ரொட்டி, முதிர்ந்த செடார், வினிகரில் ஊறிய வெங்காயம். சூடாக அழுத்தித் தருவார்கள். பத்து நிமிடத்துக்குள் அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டால் கொடுத்த வெள்ளிக்குக் குறை இல்லை. தாப்பாவ் செய்தால், அதாவது பொட்டலம் கட்டிக் கொண்டுபோனால், நிலைமை வேறு. பொட்டலத்துக்குள் ஆவி தங்கி மொறுமொறுப்பான ஓரம் தோல் மாதிரி இழுபடும். ஆறிய சீஸ் கட்டியாகி எண்ணெய் தனியே நிற்கும். கொண்டுபோகத்தான் வேண்டும் என்றால் சூடாக்காததைக் கேளுங்கள். நம் வெயிலில் நிற்கும் காரில் அதையும் ஒரு மணி நேரத்துக்கு மேல் வைக்கக்கூடாது. பிரீ என்ற மென்மையான சீஸ் வைத்ததைச் சூடாக்கச் சொல்லவே வேண்டாம், பக்கவாட்டில் வழிந்து ஓடிவிடும். அதன் வெள்ளைத் தோலை உரித்துப் போடுகிறவர்களும் உண்டு. அது தின்னக்கூடிய பூஞ்சைதான்.

கோப்பிக்கடைக்காரர் வைப்பது தாளில் சுற்றிய சீஸ் துண்டு, ஒன்று சுமார் 20 கிராம். அதில் சேர்க்கும் சிட்ரேட், பாஸ்பேட் உப்புகள் கொழுப்பையும் புரதத்தையும் பிரியவிடாமல் பிடித்துக்கொள்கின்றன. அதனால் சுட்ட ரொட்டியின் சூட்டிலேயே இளகும், ஆறினாலும் எண்ணெய் கக்காது. உப்பைத் தவிர பெரிய சுவை கிடையாது, ஆனால் ரொட்டியில் தடவும் கயாவின் (தேங்காய்ப்பால், முட்டை ஜாம்) தித்திப்புக்கு அந்த உப்பே போதும். பள்ளிப் பிள்ளையின் டப்பாவுக்கு இதை மிஞ்ச மற்ற இரண்டாலும் முடியாது.

எங்கள் ஓட்டு தோசைக்கல்லுக்கு. சீஸ் கடையில் சாண்ட்விச்சை விட்டுவிட்டு 200 கிராம் செடார் கட்டி வாங்குங்கள். மூன்று பேருக்கு வரும். பெங்காலி ரொட்டியை ஒன்றரை சென்டிமீட்டர் கனத்தில் அறுக்கவும். ஒருவருக்கு 60 கிராம் சீஸ், துருவியது. கட்டியாக அறுத்து வைத்தால் உள்ளே உருகுவதற்குள் வெளியே கருகிவிடும். ஓராண்டுக்கு மேல் முதிர்ந்த செடார் தனியாக உருகும்போது எண்ணெய் விடும், ஆகவே மூன்றில் ஒரு பங்கு மொசரெல்லா கலக்கவும். பன்னீர் இதற்கு உதவாது; எவ்வளவு சூடாக்கினாலும் உருகாது.

இரும்புக் கல் சூட்டை விடாமல் பிடித்து வைக்கும். காய்ந்ததும் தீயை ஆகக் குறைத்து ஒரு நிமிடம் விட்டபிறகே வெண்ணெய் தடவிய பக்கத்தைக் கீழே போடவும். முதல் மூன்று நிமிடம் மூடி போட்டால் சீஸ் இளகும். திருப்பிப் போட்டபின் மூடி வேண்டாம், போட்டால் ரொட்டி நமத்துவிடும். நேற்றைய வெங்காயத் தோசை வாடை கல்லில் இருந்தால் ரொட்டியும் அதையே சொல்லும், முதலில் உப்புப் போட்டுத் துடையுங்கள். சம்பால் வைக்கிற ஆசை இருந்தால் இரண்டு சீஸ் படலங்களுக்கு நடுவே ஒரு தேக்கரண்டி. ரொட்டியில் பட்டால் ஊறிக் கிழியும். எலுமிச்சை ஊறுகாய் என்றால் எண்ணெயை வடித்துக் கால் தேக்கரண்டி. கூடவே ஒரு தே ஓ கோசோங், பாலும் சீனியும் இல்லாத தேநீர்.

சைவம் சாப்பிடுகிறவர்களும் மாடு சாப்பிடாதவர்களும் கடையில் ஒன்றைக் கேட்க வேண்டும்: பாலைத் திரிக்கச் சேர்த்த ரென்னட் எது? கன்றின் வயிற்றிலிருந்து எடுப்பதும் உண்டு, நுண்ணுயிரிலிருந்து செய்வதும் உண்டு. ஹலால் முத்திரை இதற்கு விடை ஆகாது, முறைப்படி அறுத்த கன்றின் ரென்னட்டும் ஹலால்தான். பார்மிஜியானோ ரெஜ்ஜியானோ என்ற இத்தாலியக் கட்டிச் சீஸ் என்றால் கேட்கவே வேண்டாம், அதற்குக் கன்று ரென்னட் என்பது விதி.

மிஞ்சிய கட்டியை மெழுகுத்தாளில் சுற்றி டப்பாவில் போட்டுக் குளிர்பெட்டியில் வையுங்கள். செடாரில் பூஞ்சை பூத்தால் சுற்றிலும் இரண்டரை சென்டிமீட்டர் வெட்டி எறிந்துவிட்டு மீதியைச் சாப்பிடலாம். மொசரெல்லாவில் பூத்தால் முழுசும் குப்பைக்கு.