கையும் காலும் விலை கேட்கும் கருவிகள்: பணக்கஷ்டத் தொடர்களை மொழிபெயர்க்க எதை நம்பலாம்?

"காஸ்ட் அன் ஆர்ம் அண்ட் எ லெக்" என்பதை மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டு, "ஒரு கையும் ஒரு காலும் செலவாகும்" என்று வந்தால் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். அந்தத் தவறு தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடும். "யானை விலை குதிரை விலை" என்று திருத்திவிட்டு அடுத்த வரிக்குப் போகலாம். பயப்பட வேண்டியது இன்னொரு வகைக்கு: நல்ல தமிழாக, காதுக்கு இதமாக, ஆனால் வேறு பொருளோடு வந்து உட்காரும் மரபுத்தொடர். இயந்திர மொழிபெயர்ப்பு, ஏஐ அரட்டைக் கருவி, அகராதி மூன்றையும் இங்கே அந்தத் தராசில்தான் நிறுக்கிறோம். வறுமை, கடன், சிக்கனம் என்றால் தமிழில் சரக்குக்குப் பஞ்சமில்லை. தப்பான டப்பாவைத் திறப்பதற்கும் அதுவே காரணமாகிவிடுகிறது.

கூகுள் டிரான்ஸ்லேட்டில் தமிழ் சேர்ந்தது 2011-இல். அன்றைய புள்ளியியல் முறை வாக்கியத்தைத் துண்டு துண்டாக வெட்டி, ஏற்கெனவே பார்த்த மொழிபெயர்ப்புத் துண்டுகளை எடுத்து ஒட்டியது. 2017-இல் தமிழுக்கு வந்த நியூரல் முறை முழு வாக்கியத்தையும் சேர்த்துப் பார்க்கிறது. இந்த வகைக் கருவிகளில் வாக்கிய ஓட்டம் தேறிய அளவுக்கு மரபுத்தொடர் தேறவில்லை. கருவி படிப்பது இருமொழி வாக்கிய ஜோடிகளை. செலவைக் குறைப்பதை ஆங்கிலத்தில் "டைட்டன் ஒன்ஸ் பெல்ட்" (பெல்ட்டை இறுக்குவது) என்பார்கள். ஆனால் அந்த ஜோடிகளில் "பெல்ட்" பெரும்பாலும் இடுப்பில் இருக்கும், கார் இருக்கையில் இருக்கும், இயந்திரத்தில் ஓடும். செலவைக் குறைக்கும் பொருளில் வருவது அபூர்வம். அதிகம் பார்த்த பொருளின் பக்கமே கருவி சாயும். "ஆல்ரெடி டைட்" மாதிரி ஒன்றிரண்டு சொற்கள் தொடரின் நடுவே நுழைந்துவிட்டால் அது மரபுத்தொடர் என்ற அடையாளமே போய்விடுகிறது.

ஆங்கிலத்திலிருந்து ஐரோப்பிய மொழிகளுக்கு நன்றாக ஓடுகிற கருவி தமிழுக்கும் ஓடும் என்று நினைப்பது தப்புக்கணக்கு. பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிய மொழிகளில் சிக்கனத்துக்கு அதே பெல்ட்டைத்தான் இறுக்குகிறார்கள். சொல்லுக்குச் சொல் போட்டாலே பாஸ். வரவுக்குள் செலவை ஒப்பேற்றும் "மேக் எண்ட்ஸ் மீட்" என்பதற்குப் பிரெஞ்சில் இரண்டு முனைகளையும் சேர்ப்பார்கள், ஸ்பானியத்தில் மாதக் கடைசியை எட்டுவார்கள், ஜெர்மனில் குத்துச்சண்டைச் சுற்றுகளைத் தாண்டுவார்கள். "இன் தி ரெட்" என்பது கணக்குப் புத்தகத்தின் சிவப்பு மை. சீனத்திலும் ஜப்பானியத்திலும் பற்றாக்குறைக்குச் 'சிவப்பு எழுத்து' என்றே சொல். தமிழில் "நிறுவனம் சிவப்பில் இருக்கிறது" என்றால் படிப்பவருக்கு ஒன்றும் புரியாது. "நட்டத்தில் ஓடுகிறது" என்றால்தான் விஷயம் போய்ச் சேரும்.

எதிர்த்திசையில் இன்னும் மோசம். தமிழிலிருந்து பிரெஞ்சுக்குப் போகச் சொன்னால் பல சேவைகள் நடுவே ஆங்கிலத்தில் இறங்கி ஏறும். "செலவு கையைக் கடிக்கிறது" ஆங்கிலத்தில் இறங்கும்போதே அங்கே சோறுபோட்ட கையைக் கடிக்கும் நன்றிகெட்டவன் தயாராக நிற்கிறான். பணமுடை நன்றிகெட்டதனமாகிவிட்டால் பிரெஞ்சில் என்ன வந்து சேரும் என்று சொல்ல வேண்டியதில்லை.

திருப்பி மொழிபெயர்த்துச் சரிபார்ப்பது பலரும் சொல்லும் யோசனை. இந்த விஷயத்தில் அது உதவாது, கெடுக்கவும் செய்யும். "ஒரு கையும் ஒரு காலும் செலவாகும்" என்பதைத் திருப்பிப் போட்டால் அசல் ஆங்கிலத் தொடரே அச்சுப் பிசகாமல் வந்துவிடும். "யானை விலை குதிரை விலை" யானையும் குதிரையுமாகத் திரும்பி வரும். தப்பு தேறுகிறது, சரி தோற்கிறது.

ஏஐ அரட்டைக் கருவிகள் இதில் ஒரு படி மேல். ஆங்கிலத் தொடரின் பொருளைப் பெரும்பாலும் சரியாகவே விளக்கும். சறுக்கல் அதற்கடுத்த படியில்: ஆங்கிலத்தில் வரும் அதே உறுப்போ அதே சாமானோ வரும் தமிழ்த் தொடரை நோக்கி இழுபடும். "லிவ் ஹேண்ட் டு மவுத்" என்பதில் கையும் வாயும் இருக்கின்றன. "கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை" என்பதிலும் இருக்கின்றன. முன்னது அன்றாடங்காய்ச்சியின் பிழைப்பு. பின்னது கடைசி நேரத்தில் நழுவிய வாய்ப்பு. "கீப் ஒன்ஸ் ஹெட் அபவ் வாட்டர்" எப்படியோ மூழ்காமல் தாக்குப்பிடிப்பவரைச் சொல்கிறது. "தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன" கைவிட்டவரின் பேச்சு. "ராப் பீட்டர் டு பே பால்" என்பதற்குக் "கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பது" கிட்டத்தட்டப் பொருந்துவது போலவே தெரியும். ஆனால் அது அடுத்தவன் பொருளில் புண்ணியம் தேடுவது. இங்கே தேவை வெறும் "கடன் வாங்கிக் கடன் அடைப்பது"தான். எல்லாவற்றிலும் ஆபத்து "பிரிங் ஹோம் தி பேக்கன்". "குடும்பத்துக்கு உலை வைக்கிறார்" என்று எழுதிவிட்டால், சம்பாதித்துப் போடுகிற மனிதர் குடியைக் கெடுத்தவராகிவிடுவார். "அவர் சம்பாத்தியத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது" என்றால் வம்பில்லை.

கஷ்டத்தின் அளவையும் கருவி கோட்டைவிடும். குடும்பம் பெல்ட்டை இறுக்கினால் "வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி". அரசு இறுக்கினால் "சிக்கன நடவடிக்கை". "வயிற்றில் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு" என்பது சிக்கனமே அல்ல, பட்டினி. "ப்ரோக்" என்ற ஒற்றைச் சொல்லையே பாருங்கள்: "ஐ'ம் ப்ரோக்" என்றால் இப்போதைக்குக் கையில் காசில்லை, "வென்ட் ப்ரோக்" என்றால் நொடித்துப்போனார், "கோ ஃபார் ப்ரோக்" என்றால் இருப்பதையெல்லாம் பணயம் வைத்து இறங்குவது. மூன்றுக்கும் "திவால்" என்று போடும் கருவியை மூடிவிடலாம்.

அரட்டைக் கருவியிடம் வேலை வாங்க ஒரு வரிசை இருக்கிறது. தொடரை மட்டும் தனியாகக் கொடுக்காமல், அது வரும் பத்தியை முழுதாகக் கொடுங்கள். யார் யாரிடம் பேசுகிறார், அது உரையாடலா அறிக்கையா என்பதையும் சொல்லுங்கள். மரபுத்தொடரே இல்லாமல் பொருளை ஒரே வரியில் முதலில் கேளுங்கள். அந்த வரி சரியாக வந்த பிறகே அதற்கு வழங்கும் தமிழ்த் தொடர்கள் மூன்று நான்கு கேட்க வேண்டும். ஒவ்வொன்றும் லேசான முடையா, கடனா, பட்டினியா என்றும் பிரித்துக் கேளுங்கள். தேர்வு உங்களுடையது. முதல் கேள்வியிலேயே "இணையான பழமொழி சொல்" என்று கேட்டால், யாரும் எங்கும் சொல்லாத பழமொழியை எதுகை மோனையோடு கட்டித் தரும். வந்த தொடரை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடிப் பாருங்கள். தமிழர் தமிழில் எழுதிய பக்கத்தில் அகப்படாமல் மொழிபெயர்ப்புப் பக்கங்களில் மட்டும் கிடைத்தால் அதை விட்டுவிடுங்கள்.

அகராதி மெதுவானதுதான், ஆனால் பொய் சொல்லாது. ஆங்கிலம்–தமிழ் அகராதியில் தொடரைப் பெயர்ச்சொல்லின் கீழ் முதலில் தேடுங்கள், இல்லாவிட்டால் வினைச்சொல்லின் கீழ். பெரும்பாலும் அலங்காரமில்லாத பொருள்தான் இருக்கும், அதுவே போதும். தமிழ்த் தொடரைச் சோதிக்க, 1992-இல் முதலில் வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி நல்ல துணை: பொருளைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் தருவதோடு எடுத்துக்காட்டு வாக்கியமும் தருகிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் இணையத்தில் இலவசம். ஆனால் அதன் பின்னிணைப்பே 1939-இல் முடிந்துவிட்டது. பிந்தைய பேச்சு வழக்கை அங்கே தேடிப் பயனில்லை.

புதிதாக ஒரு கருவியைச் சோதிக்க ஒரே ஒரு தொடர் போதும் என்றால் "பென்னி வைஸ், பவுண்ட் ஃபூலிஷ்" என்பதைப் போடுங்கள். 1971 வரை ஒரு பவுண்டுக்கு 240 பென்னி. அந்த ஏணிவைத்தாலும் எட்டாத வித்தியாசத்தில்தான் கேலி இருக்கிறது. நாணயப் பெயர்களை அப்படியே விட்டு வைத்தால் ஃபெயில். "கடுகு போன இடம் ஆராய்வான், பூசணிக்காய் போன இடம் தெரியாது" என்று வந்தால் கதைக்கும் கட்டுரைக்கும் அருமை. அதையே நிதி அறிக்கையில் இயக்குநர் குழுவைப் பற்றிப் போட்டால் பூசணிக்காய் சிரிப்பை வரவழைக்கும். அங்கே "சில்லறைச் செலவில் கறாராக இருந்து பெரிய செலவில் கோட்டைவிட்டார்கள்" என்று எழுத வேண்டும். அறிக்கைக்கு என்று சொன்ன பிறகு எந்தக் கருவி பூசணிக்காயைக் கீழே வைக்கிறது என்று பாருங்கள்.