என்ஜின்எக்ஸில் பாட்களுக்குத் தனி கேஷ்: ரொம்ப நாள் ஓட்டிப் பார்த்த அனுபவம்

நான் பார்த்துக்கொள்ளும் ஒரு பழைய வேர்ட்பிரஸ் தளம் சின்ன விபிஎஸ் (வாடகைக்கு எடுத்த மெய்நிகர் சர்வர்) ஒன்றில் ஓடுகிறது. முன்னால் வெப் சர்வரான என்ஜின்எக்ஸ், பின்னால் பக்கத்தைத் தயாரிக்கும் பிஎச்பி. ஆட்கள் படிப்பது பெரும்பாலும் புதுப் பதிவுகளைத்தான், அதற்குச் சாதாரண ஃபாஸ்ட்சிஜிஐ கேஷே (பிஎச்பி தயாரித்த பக்கத்தை என்ஜின்எக்ஸ் டிஸ்கில் வைத்துத் திரும்பக் கொடுப்பது) தாராளம். லோடு ஏற்றுவது பாட்கள், அதாவது கூகுள் போன்ற தேடுபொறிகள் அனுப்பும் தானியங்கி நிரல்கள். அக்சஸ் லாக்கில் கேஷ் ஸ்டேட்டஸையும் சேர்த்து எழுத வைத்ததும் (யாராக இருந்தாலும் முதலில் இதைச் செய்யுங்கள்) விஷயம் பளிச்சென்று தெரிந்தது: நடுராத்திரியில் கூகுள்பாட் வந்து 2014ஆம் வருடத் தொகுப்பின் 17ஆம் பக்கத்தைக் கேட்கிறது, மிஸ் (கேஷில் இல்லை); அப்புறம் 18, அதுவும் மிஸ். மனுஷர் யாரும் திறக்காத பக்கங்களுக்காக பிஎச்பி மாங்குமாங்கென்று உழைக்கிறது, அந்தப் பக்கங்கள் கேஷில் போய் உட்கார்ந்துகொள்ள, எப்போதாவது ஒருவர் படிக்கும் உருப்படியான பக்கங்கள் வெளியே தள்ளப்படுகின்றன.

பாட் வந்தால் கேஷைத் தாண்டி நேரே பிஎச்பிக்கு விடு என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அது தலைகீழ் யோசனை. பாட்களுக்குத்தான் கேஷ் அதிகம் வேண்டும், பக்கம் ஒரு நாள் பழசாக இருந்தால் அவை சண்டைக்கு வரப்போவதில்லை.

அதனால் இரண்டு சோன்: ஆட்களுக்கு ஒரு கேஷ், பாட்களுக்குத் தனியாக ஒன்று. வருபவர் தன்னை இன்னார் என்று சொல்லும் யூசர் ஏஜென்டைப் பார்த்து, என்ஜின்எக்ஸின் மேப் கட்டளை எந்த சோன் என்று முடிவுசெய்யும்; என்ஜின்எக்ஸ் 1.7.9 பதிப்பிலிருந்தே சோன் பெயரில் வேரியபிள் போடலாம். எவ்வளவு நேரம் செல்லும் என்பதை பிஎச்பி அனுப்பும் எக்ஸ்-ஆக்செல்-எக்ஸ்பயர்ஸ் ஹெடர் சொல்லிவிடும்: ஆட்களுக்குச் சில நிமிடம், பாட்களுக்கு ஒரு நாள். இதில் பலர் கோட்டைவிடுவது இன்ஆக்டிவ் அளவை. அதைத் தனியாகக் கொடுக்காவிட்டால் 10 நிமிடம்தான். ஒரு நாள் செல்லும் என்று நீங்கள் என்ன சொன்னாலும், 10 நிமிடம் யாரும் தொடாத பக்கம் டிஸ்கிலிருந்து போய்விடும். பாட் திரும்பி வரவே நாட்கள் ஆகும், ஆகவே பாட் சோனுக்கு 30 நாள் வைத்திருக்கிறேன். கூடவே யூஸ் ஸ்டேலும் பேக்ரவுண்ட் அப்டேட்டும்: பழைய பிரதி உடனே போய்விடும், புதியது பின்னால் தயாராகும். ராத்திரி லோடு இப்போது பேச்சுக்கே இல்லை.

இரண்டு பக்கமும் போவது ஒரே எச்டிஎம்எல், வயசு மட்டும்தான் வேறு. உள்ளடக்கத்தையே மாற்றிக் கொடுத்தால் அது க்ளோக்கிங், கூகுள் தண்டிக்கும்.

தொல்லையும் உண்டு. பதிவைத் திருத்தினால் இரண்டு சோனிலும் அழிக்க வேண்டும். என்ஜின்எக்ஸின் சொந்த பர்ஜ் (கேஷிலிருந்து அழிக்கும்) வசதி காசு கொடுத்து வாங்கும் பதிப்பில்தான் இருக்கிறது, எனவே கேஷ் கீயின் (பக்கத்தின் முகவரியை வைத்து அமையும் அடையாளம்) எம்டி5 ஹாஷ் பெயரில் இருக்கும் ஃபைலை ஸ்கிரிப்ட் வைத்து அழிக்கிறேன். சைட்மேப்பை (பாட்களுக்கான பக்கப் பட்டியல்) கேஷ் செய்வதே இல்லை. விலை, ஸ்டாக் மாதிரி மணிக்கு மணி மாறும் தளமென்றால் ஒரு நாள் கணக்கு ஆகாது.

கூகுள்பாட் என்று பெயர் போட்டு வரும் போலிகள் தனி ரகம். கூகுள் வெளியிடும் ஐபி பட்டியலை க்ரானில் (குறித்த நேரத்தில் தானே ஓடும் வேலை) இறக்கி, ஐபியை வைத்துப் பிரிக்கும் ஜியோ பிளாக்கில் வைத்திருக்கிறேன், அதில் இல்லாமல் அந்தப் பெயரில் வருபவருக்கு 429 (கோரிக்கைகள் அதிகம் என்ற பதில்). அசல் கூகுள்பாட்டுக்கு 429 கொடுத்தால் வருவதையே குறைத்துக்கொள்ளும், பார்த்து. க்ரால்-டிலேயை (கோரிக்கைகளுக்கு இடையே இவ்வளவு நேரம் விடு என்று ரோபாட்ஸ் ஃபைலில் சொல்வது) பிங் மதிக்கும், கூகுள் கண்டுகொள்ளாது.

மொத்தமே சில நூறு பக்கம் உள்ள தளமா? இரண்டு சோன் எல்லாம் வேண்டாம், இன்ஆக்டிவை மட்டும் ஏற்றிவிட்டு வேறு வேலையைப் பாருங்கள்.