4 வருஷம், 62 ஆயிரம் கிலோமீட்டர்: ஃபேமிலிக்கு எஸ்யூவி எடுக்கப் போறவங்களுக்கு என் அனுபவம்

2021 டிசம்பர்ல வண்டி எடுத்தோம், இப்ப 62 ஆயிரம் கிலோமீட்டர் தாண்டியாச்சு. நாலே கால் மீட்டருக்குக் கொஞ்சம் மேல நீளம், 5 சீட்டு, 1.5 பெட்ரோல், மேனுவல் கியர். எந்தக் கம்பெனின்னு சொல்லல, எந்த வண்டிக்குப் போனாலும் இந்த விஷயமெல்லாம் பொருந்தும். வீடு சேலம். நான், வீட்டுக்காரம்மா, ரெண்டு பசங்க, எங்கம்மா. அம்மாவுக்கு ரெண்டு முட்டியும் தேஞ்சு போச்சு, இதுதான் கடைசில எல்லாத்தையும் முடிவு பண்ணுச்சு.

ஆரம்பத்துல நானும் யூடியூப்ல பவர், டார்க், சன்ரூஃப், ஸ்க்ரீன் சைஸுன்னுதான் பாத்துட்டு இருந்தேன். மனசுல இருந்தது ஒரு பெரிய 7 சீட்டர், ரோட்டுல நின்னா கம்பீரமா இருக்கும். ஷோரூமுக்கு அம்மாவையும் கூட்டிட்டுப் போனோம். பின் கதவத் தொறந்து "ஏறிப் பாரும்மா"ன்னேன். இடது கையால மேல இருக்கிற கைப்பிடியப் பிடிச்சாங்க, வலது காலத் தூக்குனாங்க, ஃப்ளோர் உயரத்துக்கு வரல, அப்புறம் முட்டியவே ஓரத்துல ஊனி உள்ள போகப் பாத்தாங்க, முகம் சுருங்கிப் போச்சு. சேல்ஸ் பையன் "சைடு ஸ்டெப் போட்டுக்கலாம் சார்"னான். சரி, ஸ்டெப் போட்ட டெமோ வண்டியையும் காட்டுங்கன்னு பாத்தோம், அந்த ஸ்டெப்பு பாதி பாதம் வைக்கிற அகலந்தான், ஏறும்போது பரவால்ல, இறங்கும்போது கால் எங்க இருக்குன்னே தெரியாம துழாவுறாங்க. மழைல செருப்போட வச்சா என்ன ஆகும்னு யோசிச்சேன். அம்மா மெதுவா "கண்ணு, இது எனக்கு ஒத்து வராது, நீங்க வேணா எடுத்துக்கங்க, நான் பஸ்ல வந்துக்கறேன்"னாங்க. அந்த இடத்துலயே அந்த வண்டிய விட்டாச்சு.

அதுக்கப்புறம் எந்த ஷோரூம் போனாலும் மொதல்ல அம்மா ஏறி இறங்குவாங்க, அதுக்கப்புறந்தான் டெஸ்ட் டிரைவ். சீட்டு இடுப்பு உயரத்துல இருக்கணும், குனியவும் கூடாது எம்பவும் கூடாது, கதவு நல்லா அகலமாத் தொறக்கணும். இதெல்லாம் எந்த ப்ரோஷர்லயும் போட மாட்டாங்க. கிரவுண்ட் கிளியரன்ஸ், அதாவது வண்டி அடிக்கும் தரைக்கும் இருக்கிற இடைவெளி, அத மட்டும் பெருசாப் போடுவாங்க, ஆனா கிளியரன்ஸ் வேற, ஏறுற உயரம் வேற.

அடுத்தது பின் சீட்டு அகலம். எங்க வீட்ல முன்னாடி ரெண்டு பேரு, பின்னாடி அம்மாவும் ரெண்டு பசங்களும். 4 மீட்டருக்கு உள்ள இருக்கிற நெக்ஸான், பிரெஸ்ஸா, வென்யூ, சோனெட் எல்லாத்துலயும் மூணு பேரையும் உக்கார வச்சுப் பாத்தோம். பசங்க சின்னதா இருக்கிற வரைக்கும் சமாளிக்கலாம், ஆனா வண்டி எட்டு வருஷம் வச்சிருக்கப் போறோம்ல, அதுக்குள்ள பெரியவன் என் உயரம் வந்துடுவான். அதான் க்ரெட்டா, செல்டோஸ் சைஸுக்குப் போனோம். இன்னைக்கு எடுக்கிறவங்களுக்கு எலிவேட், கிராண்ட் விட்டாரா, ஹைரைடர் எல்லாம் அதே லிஸ்ட்ல வந்துடும். நடு சீட்டுக்கு ஹெட்ரெஸ்ட்டும் தோள் வழியா வர்ற பெல்ட்டும் இருக்கான்னு மட்டும் கட்டாயம் பாருங்க.

7 சீட்டர் கேக்கறவங்க கிட்ட நான் கேக்கற கேள்வி ஒண்ணுதான், வாரத்துல எத்தன நாள் ஆறாவது ஆள் வர்றாங்க? எங்களுக்கு பொங்கலுக்கும் தீபாவளிக்கும் தங்கச்சி குடும்பம் வரும், அப்ப ஒரு இன்னோவா வாடகைக்கு எடுத்துக்கறோம், தீந்துச்சு. நடுத்தர விலை எஸ்யூவிங்கள்ல மூணாவது வரிசைல உக்காந்தா முட்டி நெஞ்சுக்கு வந்துடுது, அதைப் போட்டா டிக்கில ஒரு பேக் வைக்கத்தான் இடம். நிஜமாவே தினம் ஆறு பேருன்னா எஸ்யூவிங்கிற ஆசைய விட்டுட்டு எர்டிகா மாதிரி போறதுதான் நல்லது.

இப்ப காசு. ஆன்ரோடு, அதாவது டாக்ஸ், இன்சூரன்ஸ் எல்லாம் சேத்த விலை, 15 லட்சத்தத் தாண்டக் கூடாதுன்னு வச்சிருந்தோம். அதெல்லாம் சேக்காத எக்ஸ் ஷோரூம் விலை 11 லட்சத்து 80 ஆயிரம், எல்லாம் சேத்து கையில சாவி வரும்போது 14 லட்சத்தத் தாண்டிருச்சு. அப்ப தமிழ்நாட்டுல 10 லட்சத்துக்கு மேல ரோடு டாக்ஸ் 15 சதவீதம். 2023 நவம்பர்ல மாத்திட்டாங்க, இப்ப 5ல இருந்து 10 லட்சம் வரைக்கும் 13, அதுக்கு மேல 20 லட்சம் வரைக்கும் 18, அதையும் தாண்டினா 20 சதவீதம். இந்த 10 லட்சம் கோட்ட நல்லா கவனிங்க. 9.90 லட்சம் வேரியன்ட்டுக்கு டாக்ஸ் 1,28,700 வரும், 10.20 லட்சம் வேரியன்ட்டுக்கு 1,83,600. அதோட 10 லட்சத்துக்கு மேல டிசிஎஸ், அதாவது விக்கிறவங்க நம்ம பேர்ல முன்கூட்டியே பிடிக்கிற வருமான வரி, 1 சதவீதம், அது இன்கம் டாக்ஸ் ரிட்டர்ன்ல திரும்ப வரும்னாலும் அன்னைக்கு நம்ம கைக்காசு போகும். ஆக 30 ஆயிரம் வித்தியாசம்னு நெனச்சு அடுத்த வேரியன்ட்டுக்குத் தாவினா கிட்டத்தட்ட 95 ஆயிரம் கூட எடுத்து வைக்கணும்.

2025 செப்டம்பர் 22ல இருந்து ஜிஎஸ்டியும் மாறிருச்சு. 4 மீட்டருக்குள்ள, பெட்ரோல்னா 1200 சிசிக்குள்ள, டீசல்னா 1500 சிசிக்குள்ள இருந்தா 18 சதவீதம், மத்த பெட்ரோல், டீசல் வண்டிக்கு 40. பிரெஸ்ஸா 4 மீட்டருக்குள்ளதான், ஆனா 1.5 பெட்ரோல் எஞ்சின்ங்கறதால 40ல வந்துடுது, நெக்ஸான் 1.2 பெட்ரோல் 18ல வந்துடுது. சின்ன வண்டிக்கும் நடுத்தர வண்டிக்கும் விலை இடைவெளி இருக்கறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

இன்சூரன்ஸ் எங்க கிட்டதான் போடணும்னு ஷோரூம்ல ரொம்ப அழுத்துனாங்க. அப்படி ஒரு கட்டாயமும் இல்ல. வெளில ரெண்டு எடத்துல கொட்டேஷன் வாங்கிக் காட்டினேன், அவங்களே இறங்கி வந்தாங்க. புது வண்டிக்கு தேர்ட் பார்ட்டி (நம்ம வண்டியால அடுத்தவங்களுக்கு ஆகிற சேதத்துக்கு) மூணு வருஷத்துக்கு மொத்தமா கட்டணும், ஓன் டேமேஜ் (நம்ம வண்டிக்கு ஆகிற சேதத்துக்கு) மட்டும் வருஷா வருஷம், அதனால ரெண்டாவது வருஷம் ரெண்டும் சேந்த பாலிசி எடுக்கச் சொன்னா எடுக்காதீங்க.

டீசலா பெட்ரோலாங்கிறதுல ஒரு மாசம் மண்டை காஞ்சேன். மச்சான் டீசல்னு ஒத்தக் கால்ல நின்னான். எங்க ஓட்டம் என்னன்னா, தினம் ஸ்கூலுக்கு மூணு கிலோமீட்டர் போயிட்டு மூணு கிலோமீட்டர் வர்றது, எஞ்சின் சூடாகறதுக்குள்ள வீடு வந்துடும். 2020 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த பிஎஸ்6 (புகை அளவுக்கான அரசாங்க விதி) டீசல் வண்டில கரியப் பிடிச்சு வைக்கிற டிபிஎஃப் ஃபில்டர் இருக்கு, அது தன்னைத் தானே எரிச்சு சுத்தம் பண்ணிக்கணும்னா வண்டி ஹைவேல கொஞ்ச நேரம் ஒரே வேகத்துல ஓடணும். இப்படிக் குட்டி ஓட்டமாவே ஓடினா அடைச்சுக்கும். மாசம் 2000 கிலோமீட்டருக்கு மேல, அதுவும் ஹைவேன்னா டீசல் எடுங்க, தாராளமா. எங்களுக்கு பெட்ரோல் சரியாத்தான் போச்சு. டவுனுக்குள்ள லிட்டருக்கு 11ல இருந்து 12 கிலோமீட்டர், கோயமுத்தூர் போய் வந்தா 16, 17 குடுக்குது. பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால் கலந்து வர ஆரம்பிச்சப்புறம் லிட்டருக்கு அரை கிலோமீட்டராவது குறைஞ்ச மாதிரிதான் எனக்குத் தெரியுது, முழு டேங்க் போட்டு போட்டு நோட்டுல எழுதி வச்சுத்தான் சொல்றேன்.

எங்களுது டர்போ (எஞ்சினுக்குள்ள காத்த அழுத்தி அனுப்பி பவர் கூட்டுறது) இல்லாத எஞ்சின். ஏற்காடு 20 கொண்டை ஊசிக்கும் ஒண்ணும் தெரியல. கொல்லிமலை 70 வளைவு, அஞ்சு பேரு, ஏசி, குலதெய்வம் கோயிலுக்கு அடுப்பு அண்டா எல்லாம் ஏத்திட்டுப் போனப்பத்தான் முதல் கியர், ரெண்டாவது கியர்லயே ஏற வேண்டியதாப் போச்சு. அடிக்கடி மலை ஏறுறவங்க டர்போவையும் ஒரு தடவ ஓட்டிப் பாத்துருங்க.

நான் தப்புப் பண்ணினது மேனுவல் எடுத்தது. அன்னைக்கு ஒரு லட்சத்துக்கு மேல மிச்சம்னு பாத்தேன். இப்ப முக்கால்வாசி ஓட்டுறது வீட்டுக்காரம்மாதான், அஞ்சு ரோடு சிக்னல்ல சாயங்காலம் நின்னு நின்னு நகர்றதுல அவங்களுக்கு இடது கால் வலி வந்துருச்சு, 55 ஆயிரத்துல கிளட்ச்சும் மாத்தியாச்சு. யாரு தினம் ஓட்டப் போறாங்களோ அவங்களக் கேக்காம நான் முடிவு பண்ணினது, அது இன்னும் எனக்கு உறுத்துது. ரெண்டாவது வருத்தம் ஏர்பேக். எங்க வேரியன்ட்ல ரெண்டுதான், ஆறு வேணும்னா டாப் எண்டுக்குப் போகச் சொன்னாங்க. இப்ப நெறைய வண்டில ஆறும் எல்லா வேரியன்ட்லயும் வருது, 2023 அக்டோபர்ல இருந்து வண்டிய மோத விட்டுப் பாதுகாப்புக்கு ஸ்டார் குடுக்கிற பாரத் என்கேப் ரேட்டிங்கும் இருக்கு, அதனால சன்ரூஃபுக்குக் குடுக்கற காச இதுக்குக் குடுங்க. சேலம் வெயில்ல சன்ரூஃப் தொறந்த நாள விரல் விட்டு எண்ணிடலாம், பின்னாடி ஏசி வென்ட்டுதான் எங்க பசங்கள மே மாசத்துல காப்பாத்துச்சு.

சர்வீஸ்ல ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். மூணாவது சர்வீஸ் பில்லுல எஞ்சின் கிளீனிங், ஏசி கிருமி நீக்கம், இன்னும் என்னென்னவோன்னு நான் சொல்லாத வேலையெல்லாம் நாலாயிரத்துக்கு மேல ஏறியிருந்துச்சு. அதுக்கப்புறம் என்னென்ன வேலை பண்ணப் போறாங்கன்னு எழுதற ஜாப் கார்டுல கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி ஒவ்வொரு வரியா வாசிச்சு, மேனுவல் புக்குல இல்லாதத அடிச்சுட்டுத்தான் சாவியக் குடுக்கறேன். டயர் 48 ஆயிரத்துல மாத்தினோம். 17 இஞ்ச் டயர் சைஸப் பாத்தே எடுத்ததால எந்தக் கடையிலயும் கிடைச்சுது.

வர்ற மாசம் மச்சான் வண்டி மாத்தறான், 7 சீட்டர்தான் வேணுமாம். அவங்க வீட்லயும் அத்தைக்கு எழுபது வயசு. ஷோரூமுக்கு அவங்களையும் கூட்டிட்டு வாடான்னு சொல்லிருக்கேன், அவங்க ஏறி இறங்கிப் பாத்துட்டு என்ன சொல்றாங்களோ பாப்போம்.