எந்த நிரல்மொழி நிலைக்கும்? கோட்லின் – டார்ட், ரஸ்ட் – டி: ஓர் ஒப்பீடு

உயர்தரத்தில் பைத்தனைப் படித்து முடித்து ஹற்றனில் என் மாலை வகுப்புக்கு வரும் மாணவர்கள், "அடுத்து எந்த மொழி, சேர்?" என்று கேட்கும்போது, அம்மொழியின் இலக்கண அழகை விட, ஏற்கெனவே எழுதப்பட்டுக் கிடக்கும் நிரல்களோடு அது எவ்வளவு எளிதாக ஒட்டிக்கொள்கிறது என்பதையே நான் முதலில் பார்க்கிறேன்.

கோட்லினும் டார்ட்டும் 2011இல் அறிவிக்கப்பட்டவை. டார்ட்டின் பின்னால் கூகுள் நின்றது. கோட்லினை உருவாக்கியதோ நிரலாளர்களுக்கான கருவிகளை விற்கும் ஜெட்பிரெயின்ஸ். பணபலத்தை வைத்துக் கணித்தவர்கள் ஏமாந்திருப்பார்கள். ஜாவாவில் எழுதிய பழைய செயலி ஒன்றில் ஒரேயொரு கோப்பை மட்டும் கோட்லினுக்கு மாற்றிவிட்டு, மீதியைத் தொடாமலே வேலையைத் தொடரலாம். டார்ட்டோ, உலாவிகள் தன் நிரல்களை ஓட்டவென ஓர் இயக்கியை உள்ளே சேர்த்துக்கொள்ள வேண்டுமென எதிர்பார்த்தது. மற்ற உலாவிகள் இசையாத நிலையில், 2015இல் குரோமுக்கும் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. 2017இல் அன்ட்ரொய்டுக்கான மொழியாகக் கோட்லினைக் கூகுளே ஏற்றுக்கொண்டது. டார்ட் அத்தோடு மாண்டுவிடவில்லை. 2018 டிசெம்பரில், டார்ட்டில் செயலிகளைக் கட்ட உதவும் கூகுளின் பிளட்டர் 1.0 வெளியானபின், அதன் தோளேறிப் பிழைத்துக்கொண்டது.

டி, ரஸ்ட் இரண்டும், வேகம் முக்கியமான மென்பொருள்களை எழுதப் பயன்படும் சி++ இன் இடத்தைக் குறிவைத்தவை. 2001இல் வெளிவந்த டி கற்க எளிது, இன்றும் எனக்குப் பிடித்தது. ஆனால் நினைவகத்தைத் தானே துப்புரவாக்கும் பொறிமுறையை அது பெரிதும் சார்ந்திருந்தது; சி++ ஐக் கைவிட முடியாதவர்கள் தவிர்க்க நினைத்ததே அதைத்தான். போதாக்குறைக்கு, ஆரம்ப ஆண்டுகளில் அதன் பயனர்கள் இரண்டு அடிப்படை நூலகங்களாகப் பிரிந்து நின்றார்கள். 2015இல் 1.0 என்ற முதல் நிலையான பதிப்பை எட்டிய ரஸ்ட், அப்பொறிமுறை இல்லாமலே, நிரலை இயந்திர மொழிக்குத் தொகுக்கும்போதே நினைவகப் பிழைகளைப் பிடித்தது. விலையும் உண்டு: ஒரு பட்டியலைச் செயற்கூறு ஒன்றுக்குக் கொடுத்துவிட்டு அடுத்த வரியில் அதையே அச்சிட முயன்ற மாணவி, "அது இப்போது உங்களுடையதல்ல" என்ற பொருளில் வந்த பிழைச்செய்தியோடு அரைமணி நேரம் மல்லுக்கட்டினாள். அப்படியிருந்தும், 2022 டிசெம்பரில் வந்த லினக்ஸ் இயங்குதளத்தின் 6.1 கருவில் ரஸ்டுக்கு இடம் கிடைத்தது. வேறு வழியில்லாத ஒரு வலிக்கு மருந்தென்றால் கசப்பையும் பொறுத்துக்கொள்கிறார்கள். (ரஸ்டை உருவாக்கிய கிரெய்டன் ஹோர் இப்பெயரைத் துருப் பூஞ்சைகளிலிருந்து எடுத்தார். 1869இல் தென்பட்டு எமது மலைகளின் கோப்பியை அழித்ததும் அவ்வகைப் பூஞ்சையே.)

இதே அளவுகோலில் ஸிக் என்ற இன்னொரு மொழியையும் கவனிக்கலாம்: சி நிரல்களைத் தானே தொகுக்கும் அதன் திறன் நல்ல அறிகுறி, ஆனால் 1.0ஐ எட்டாத மொழியை வகுப்பில் வைத்தால் குறிப்புகளை அடிக்கடி திருத்தவேண்டி வரும்.

ஆகவே இவ்வருடம் கோட்லின். எங்கள் பழைய கணினிகள், செயலி எழுதும் மென்பொருளான அன்ட்ரொய்ட் ஸ்டூடியோவைத் திறந்தாலே திணறுவதால், முதல் தவணை முழுவதும் கட்டளைவரியில்தான்.